ராஜ்யம் அரசான கதை

அவசரகால விதிகளின்படி, அச்சிட்ட எந்தத் துண்டுப் பிரசுரத்தையும் முன் அனுமதி பெறாமல் பொதுமக்களுக்கு வழங்கக் கூடாது. அனுமதி கேட்கிறவர் மூன்று பிரதிகளை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரி தாமதமின்றிப் பதில் தர வேண்டும். 1958ஆம் ஆண்டு, நாட்டில் கலவரம் நடந்து ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த மாதங்களில், கல்முனையில் இந்த விதியை என்னைவிட நன்றாக அறிந்தவர் இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. முதல் இரண்டையும் எழுத்துப் பிசகாமல் செய்தேன். மூன்றாவது என் கையில் இருக்கவில்லை.

அப்போது நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு மாதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சிறிய வேதக்கோயிலில் செயலாளர். ஊரில் எல்லாருக்கும் பயம். முஸ்லிம் தெருக்களில் ஒரு வதந்தி, தமிழ்த் தெருக்களில் இன்னொரு வதந்தி. இந்த நேரத்தில் கிறிஸ்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்று எங்கள் போதகர் நினைத்தார். ஒரு பக்கத்தில் சில ஆறுதல் வார்த்தைகள் எழுதி, சந்தையிலும் வீடுகளிலும் கொடுப்போம் என்றார். தலைப்பு, ‘பயப்படாதீர்கள்’. கடைசி வரி, ‘பரலோக ராஜ்யம் வருகிறது. நீர் ஆயத்தமா?’ தமிழைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் மட்டக்களப்புக்குப் போனார்.

நான் திருத்தினேன். ‘பரலோக’ என்று தொடங்கினாலே மற்றச் சமயத்தவர்கள் தாளை மடித்துவிடுவார்கள் என்று அதை எடுத்தேன். ‘ராஜ்யம்’ வடசொல் என்று அதையும் எடுத்தேன். வரி இப்படி ஆயிற்று: ‘புதிய அரசு வருகிறது. நீர் ஆயத்தமா?’

தமிழருக்கு அரசு கேட்ட கட்சியைத் தடைசெய்து, அதன் ஆட்களைப் பிடித்து அடைத்து வைத்திருந்த காலம் அது. அது எனக்குத் தெரியாத சங்கதியல்ல. தினமும் பத்திரிகை வாசிக்கிறவன். ஆனாலும் அந்த வரியை எழுதியபோது அது என் தலையில் ஏறவில்லை. நல்ல தமிழ் எழுதிய சந்தோஷத்தில் இருந்தேன்.

மூன்று பிரதிகளை மட்டக்களப்புக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். வழங்குவதைத்தான் விதி தடுத்தது, அச்சிடுவதை அல்ல என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, பதில் வருமுன்பே அச்சுக்குக் கொடுத்தேன். கடைத்தெருவில் கலியாணக் கடிதங்களும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களும் அடிக்கிற ஒரு முஸ்லிம்காரரின் அச்சுக்கூடம். அண்ணனை முஸ்லிம்கள் கூப்பிடுவதுபோல அவரை நான் காக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எழுத்துக் கோக்கும்போது நிமிர்ந்து பார்த்தார்.

“போதகர் ஐயா ராஜ்யம் எண்டுதானே எழுதியிரிக்கார்? நீங்க ஏன் தம்பி வெட்டின?”

அது வடமொழி என்று விளக்கினேன். அவர் சிரித்தபடி தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஐந்நூறு பிரதிகளைக் கட்டி அச்சுக்கூடத்திலேயே வைத்தோம். ஆனால் மை கூடிப் பழுதாகிற தாள்களைப் பக்கத்துத் தேநீர்க் கடைக்குக் கொடுப்பது அவர் வழக்கம். கடைக்காரர் அதில் வடை சுற்றிக் கொடுப்பார். என் விதிப் புத்தகத்தில் வடையைப் பற்றி ஒன்றும் இல்லை. மூன்றே நாளில் எங்கள் சபை முழுவதும் அலைந்தாலும் போக முடியாத வீடுகளுக்கெல்லாம் அந்தத் தாள் போய்விட்டது. ஒன்று ஒரு பொலிஸ்காரரின் கைக்கும் போனது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அலுவலகப் பியூன் வந்து சொன்னார்: ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்த காக்காவைப் பொலிஸார் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், ஏதோ அரசு நோட்டீஸாம்.

தாளில் என் பெயர் இல்லை. ஆனால் போதகரின் தாளில் நான் என் கையெழுத்தில் வெட்டித் திருத்திய மூலப் பிரதி அச்சுக்கூடத்து ஆணியில் குத்தித் தொங்கிக்கொண்டிருந்தது. அது அகப்பட்டால் வேலை போகும். அகப்படாவிட்டால் என் சொல்லுக்கு அவர் உள்ளே கிடப்பார். அந்த நாட்களில் உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு நான்கு பிள்ளைகள்.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம், ‘சொந்த அலுவல்’. போதகரின் வீட்டுக்கு ஓடினேன். பாதை மூடியதால் அவர் இன்னும் திரும்பவில்லை. பொலிஸ் நிலையத்துக்கு நடந்தேன். வாசலைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போனேன். சட்டைப் பையில் விண்ணப்பத்தின் நகல், பதிவுத் தபால் சீட்டு, ‘பயப்படாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்ட தாள் ஒன்று. மூன்றாம் முறைதான் படியேறினேன். ஏறியும் கதவுக்கு வெளியிலேயே நின்றேன்.

உள்ளே இன்ஸ்பெக்டர் மேசையில் எண்ணெய் பிடித்த தாள். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். எந்த அரசு, எப்போது வருகிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

காக்கா தொப்பியைக் கழற்றாமல், குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்.

“இது கட்சிக் கதை இல்ல, ஐயா. ஈஸா நபி, வேதக்காரர் இயேசு எண்டு சொல்றவர், திரும்பவும் வருவார், வந்து நீதியா ஆளுவார். அவங்க அதத்தான் அரசு எண்டு எழுதியிரிக்காங்க. அவர் வருவார் எண்டு எங்கட மார்க்கத்திலயும் இரிக்கு. அவங்க சொல்றதெல்லாம் நாங்க ஒப்புக்கொள்ற இல்ல. ஆனா இது பொய்யில்ல.”

எழுதியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அப்போதுதான் காக்கா கதவுப் பக்கம் பார்த்தார். என்னைக் கண்டார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“அச்சடிச்சது நான், ஐயா. அச்சுக்கு நான்தான் பொறுப்பு.”

நான் உடனே உள்ளே போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. இன்னும் நிரந்தரமாகாத வேலையை நினைத்தேன், அந்த மூலப் பிரதியை அவர் கிழித்துப் போட்டிருப்பாரா என்றுகூட நினைத்தேன். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து அவருடைய தகப்பன் பெயரைக் கேட்டார். அந்தப் பெயரை அவர் சொல்லத் தொடங்கியபோதுதான் என் கால் அசைந்தது.

“எழுதினது நான்தான், ஐயா,” என்றேன். நகலையும் சீட்டையும் மேசையில் வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் இரண்டையும் நீண்ட நேரம் பார்த்தார். பதில் வந்ததா என்றார். இல்லை என்றேன். மூன்று பிரதி அனுப்பிவிட்டுக் கலகம் செய்கிற ஒருவனை இதுவரை பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் பொலிஸ்காரரிடம் சொன்னார். கச்சேரியின் பதில் வரும்வரை ஐந்நூறும் நிலையத்து அலுமாரியில் இருக்கும், எங்கள் இருவரின் கையெழுத்தும் வேண்டும், போகலாம் என்றார். என் அலுவலகத்துக்கு அவர் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் என்னால் மன்னிப்புக்கூடச் சரியாகக் கேட்க முடியவில்லை. ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்றுதான் கேட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்தபடி நடந்தார்.

“தாளுக்கு மேல பயப்படாதேங்க எண்டு போட்டிரிந்திச்சே. ஐந்நூறு தரம் அடிச்சன் தம்பி. எனக்கும் அது வேணுமா இரிந்திச்சு.” கொஞ்ச தூரம் போனபின் திரும்பினார். “ராஜ்யம் எண்டு விட்டிரிந்தா ஒருத்தரும் வாசிச்சிரிக்க மாட்டாங்க, என்ன?”

கலங்கிய ஊருக்கு என் விசுவாசத்தைச் சொல்லப் புறப்பட்டவன் நான். அந்தத் தாளைப் பற்றிச் செய்யப்பட்ட ஒரே பிரசங்கத்தைப் பொலிஸ் நிலையத்தில் நின்று செய்தவர் ஒரு முஸ்லிம். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பிறகு யாரிடமாவது ‘நீர் ஆயத்தமா?’ என்று கேட்க நினைத்த போதெல்லாம், அந்தக் கேள்வி முதலில் அந்தக் கதவடிக்குப் போய் அங்கே நிற்கிற என்னைக் கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறது.

கச்சேரியும் பதில் எழுதியது. சமயத் துண்டுப் பிரசுரங்களுக்கு ஆட்சேபனை இல்லையாம். ஆனால் ‘அரசு’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘ராஜ்யம்’ என்று போடுவது விரும்பத்தக்கதாம். அவசரகாலச் சட்டம் நீக்கப்பட்ட பின்பு, அடுத்த ஆண்டு பெரிய வியாழனன்று அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது.