காதோடு சொன்னது

ஒலி உயர்ந்தால் எல்லாம் திருந்திவிடும் என்று நம்பிய மடையன் நான். யுத்தகாலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டெலிபோன் கடையில் கசெட்டுகளை சீடியாக்கிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்த அலுப்போடு ஒரு லொட்ஜ் காவலாளி வந்தார். வன்னியிலிருந்து மனைவி பேசி அனுப்பிய கசெட் தேய்ந்துகொண்டு வந்தது. பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே மனைவியின் குரல் ஓரிடத்தில் மிகவும் தணிந்திருந்தது. குறையென்று நினைத்து, எல்லாவற்றையும் கணினியில் ஒரே மட்டமாக்கினேன்.

போட்டுக் காட்டியபோது, அந்த இடம் வந்ததும், கேட்டுப் பழகியவர்போல் அவர் ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

“உங்கட பழைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டுதானப்பா படுக்கிறனான்.”

கடை முழுவதும் கேட்டது. டெலிபோனுக்குக் காத்திருந்த மாமிமார் திரும்பினார்கள். அவர் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

“இப்ப வடிவாக் கேக்குதுதானே, அண்ணை?” என்றேன் பெருமையாக.

“அது காதோட சொன்னது; பழையபடி மெதுவாக்கித் தாரும்.”