மஞ்சள் துணி கட்டிய பை

வெள்ளிக்கிழமை லங்காவி போகிறோம். அலுவலகத் தோழி குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: "சின்ன பேக்கா எடு லா. தீவு தீவா போட்ல ஏறி இறங்கணும், சாமான் வைக்க எடமே இருக்காது." பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டின் அலமாரி மேலிருந்து என் முதுகுப்பையை இழுத்தபோது, கட்டம் போட்ட பழைய பிளாஸ்டிக் பை ஒன்றும் கூடவே சரிந்து விழுந்தது. கைப்பிடியில் மஞ்சள் துணி, முடிச்சு அவிழாமல். முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் வாசம் எப்போதோ போய்விட்டது. அட்டைப்பெட்டி வாசம் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

அட்டைப்பெட்டி வாசம் என்றால் எனக்கு அப்பாதான். கிள்ளான் வீட்டில் நாற்காலி போட இடமில்லாமல் ஹால் முழுக்கப் பெட்டிகள் இருந்த காலம் அது. அப்பாவின் சிறுநீரகம் கெட்ட பிறகு, தினம் நான்கு வேளை ஒரு பை மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் ஏற்றி, பழையதை வடித்து எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அதைக் கற்றுக்கொண்டவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தப் பெருமையை அப்போதும் மறைத்ததில்லை, இப்போதும் மறைக்கப்போவதில்லை.

அப்பா லோரியில் கெலிண்டான். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், சரக்கை ஏற்றி இறக்குகிற வேலை. ஊரார் சாமானையெல்லாம் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கியவர், ஒரு படகிலும் ஏறியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், மாசி மகத்துக்குப் பங்கோர் தீவுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டார். அவராக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

தங்கும் நாள்களுக்கான மருந்துப் பைகளைப் பெட்டியில் அடுக்கினேன். மேலே மலாயிலும் ஆங்கிலத்திலும் "மருந்து, கவனம்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். தமிழில் மட்டும் "அப்பாவின் மருந்து" என்று எழுதினேன். எழுதி வைத்துவிட்டால் உலகம் படித்துவிடும் என்பது என் நம்பிக்கை. அம்மாவோ, மழையில் ஊறிவிடும் என்று பெட்டியை அப்படியே கட்டம் போட்ட பைக்குள் இறக்கி ஜிப்பை மூடிவிட்டார். கைப்பிடியில் மஞ்சளில் நனைத்த துணியைக் கட்டினார். "அடையாளத்துக்கு இருக்கட்டும்."

படகு ஏறும் லுமுட் ஜெட்டியில் பார்த்தால் பாதிப் பைகளில் மஞ்சள் துணி! திருவிழாவுக்கு வந்த அம்மாக்கள் எல்லாரும் ஒரே மாதிரி யோசித்திருந்தார்கள். படகுக்காரர் சாமான்களை முன்பக்கம் குவித்தார். அப்பா கனம் தூக்கக் கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அடுக்கத் தெரியல லா இவனுக்கு" என்று முணுமுணுத்தார்.

படகு முதலில் தீவின் மீனவர் கிராமமான கம்பத்தில் நின்றது, பிறகு ஊர் ஜெட்டியில். எல்லாரும் எடுத்தது போக மிஞ்சிய, மஞ்சள் துணி கட்டிய கட்டம் போட்ட பையைத் தூக்கினேன். பாதிக் கனம்கூட இல்லை. திறந்தால் வேட்டி, சேலை, ஒரு ரைஸ் குக்கர்.

மதியத் தண்ணீர் மாற்றும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் கால்கள் காலையிலேயே வீங்கியிருந்தன. அந்த மருந்து தீவில் கிடைக்குமா என்று கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். அம்மா படியில் உட்கார்ந்து அழுதார்.

"விடும்மா, ரைஸ் குக்கர் இருக்கு. சோறாச்சும் ஆக்கலாம்" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

கம்பத்துக்குப் போக நான் வேன் தேடி ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு வேன் எதிரே வந்து நின்றது. நிற்பதற்குள்ளேயே ஒரு பெண் இறங்கிக் கத்தினார்: "யாரோட அப்பா? இங்க யாரோட அப்பாவுக்கு மருந்து?"

கையைத் தூக்கினேன்.

"வேட்டி எடுக்கத் தொறந்தேன் தங்கச்சி. எழுதியிருந்ததப் பாத்ததும் கைகால் ஓடல."

தங்கும் அறையில் ஜன்னல் கம்பியில் மருந்துப் பையைத் தொங்கவிட்டேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தபோது அப்பா பெட்டியை அருகில் இழுக்கச் சொன்னார்.

"இதுல அப்பாங்கிறது எது?"

காட்டினேன். அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தார். தண்ணீர் முழுவதும் இறங்கும்வரை எடுக்கவில்லை.

அதன் பிறகு அவர் எந்தப் படகிலும் ஏறவில்லை. அடுத்த மாசிக்குள், அவருக்குப் பிறகு மிஞ்சிய பெட்டிகளும் வீட்டை விட்டுப் போயின. ஹாலில் நாற்காலி போட இடம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்கு என் சாமான் இந்த ஒரு முதுகுப்பைதான். தோழி சொன்னபடி சின்னது. படகில் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். எந்தக் குவியலிலும் தேட வேண்டியதில்லை.