குத்ஸியா என்று எழுத வெள்ளிமலைக்குப் போனது

கோமுகி அணை நிரம்பி மதகைத் திறந்துவிட்டார்களே, கரையோரத்து வாழையெல்லாம் சாய்ந்து கிடந்ததே, அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. காலை ஏழேகாலுக்கு நானும் காதர் பாயும் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினோம். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்கு முப்பத்திரண்டு ரூபாய். பாய் மலையில் குச்சிக்கிழங்கு வாங்கி லாரி ஏற்றிய வியாபாரி. மரவள்ளிக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. முப்பது வருஷம் அவரிடம் மூட்டை தூக்கினேன். இப்போது இரண்டு பேருக்கும் முட்டி வலி. அவருக்கு முன்பல்லும் போய்விட்டது.

வெள்ளிமலையில் இருக்கிற அவர் மகளுக்குப் பெண் பிறந்து ஒரு மாதம். போன வருஷம் காலமான தன் மனைவியின் பெயரையே பதியப் போகிறார்.

“அப்போ இதுவும் குச்சியக்காதான், இன்னா பாய்?” என்றேன்.

பஸ் கச்சிராயபாளையம் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“சவரி, அவ பேரு இன்னான்னு நெனச்சிக்கினு இருந்த?”

“கெழங்கு யாவாரம் பண்ற வூடு. அதனால குச்சியக்கான்னு கூப்டறாங்கன்னு...”

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். “அட பாவி! முத்துல வர்ற த்து. பஸ்ல வர்ற ஸு. ரெண்டையும் ஒட்டிச் சொல்லு.”

நாலாவது தடவை எனக்கு வந்தது. குத்ஸியா.

“உனக்கு வந்துடுச்சி. எனக்குத்தான் பல்லு போனதுல இருந்து வரல.”

மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறியது. எதிரே ஒரு கிழங்கு லாரி வர, எங்கள் பஸ் ஒதுங்கி நின்றது. அரபியில் குத்ஸ் என்றால் பரிசுத்தம் என்றார் பாய். அல்-குத்ஸ் என்றால் ஒரு ஊரின் பேர். கிறிஸ்தவர்கள் நாங்கள் எருசலேம் என்கிற அதே ஊர். ஆணுக்குக் குத்ஸி, பெண்ணுக்குக் குத்ஸியா. வளைகுடாவில் வேலை செய்கிற அவர் தம்பி மகன், பேப்பருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரொட்டிக் கடைக்கும்கூட அல்-குத்ஸ் என்று பேர் பார்த்திருக்கிறானாம்.

“அரபி பேசற உங்க வேதக்காரங்களும் அந்த ஊர அப்டித்தான் சொல்றாங்களாம்.”

வெள்ளிமலையில் பிறப்புப் பதிகிற ஆபீஸ் வரிசையில் பதினொரு மணிக்கு எங்கள் முறை வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பேர் கேட்டாள். பாய் சொன்னார். அவள் அச்சடித்து நீட்டிய தாளைப் படித்துவிட்டு, “குச்சியான்னு இருக்கும்மா” என்றார்.

“நீங்க அப்டித்தான சொன்னீங்க தாத்தா?”

மறுபடி சொன்னார். அதேதான் வந்தது. வரிசையில் ஒருவர், “இன்னா பாய், அவிச்சதா, பச்சையா?” என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

“ஏத்திட்டா மாத்தறது கஷ்டம். பாத்திமான்னு ஈசியா வெச்சிடுங்களேன்.”

பாய் தாளை மடித்தார். “சரிம்மா, பாத்திமான்னே...”

“இரு பாய்.” நான் மேஜையில் கை வைத்தேன். “எனக்கு எழுத்து தெரியாதும்மா. சத்தத்தச் சொல்றேன், நீ எழுது. மொதல்ல கு. அப்பறம் முத்துல வர்ற த்து. பஸ்ல வர்ற ஸு.”

அவள் தட்டினாள். “குத்ஸியா?”

“இன்னொரு வாட்டி சொல்லும்மா” என்றார் பாய்.

“குத்ஸியா.”

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றரை மணி பஸ் ஏறி மலை இறங்கினோம். களமருதூரில் எங்கள் கோவிலில் எருசலேம் என்று பாடும்போது கண்ணை மூடிக்கொள்வேன். அதே ஊரின் பேரை முப்பது வருஷம் கிழங்காக்கிக் கூப்பிட்டிருக்கிறேன். அக்கா ஒரு நாளும் திருத்தியதில்லை. என்ன சவரி என்று கேட்டு, தட்டில் சோறு போடுவார்.

நீங்கள் வெள்ளிமலைப் பக்கம் போனால் அந்தப் பிள்ளையை முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். போகாவிட்டால், போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.