தடத்தில் நின்ற அப்பா

கரவெட்டியில் பிறந்து, போர் துரத்த லண்டனுக்கு வந்து, மோர்டனில் எங்களை வளர்த்து ஆளாக்கியவர் அப்பா. பெற்றோல் நிலையத்தில் இரண்டு ஷிப்ட் செய்துவிட்டு வரும் நாளிலும் அவர் மெதுவாக நடந்து நாங்கள் கண்டதில்லை. அவரைத்தான் பார்கின்சன் நோய் பிடித்தது.

நடக்கும்போதே பாதங்கள் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். சமையலறை வாசலில் நின்றுவிடுவார். உள்ளே வரவும் இயலாது, திரும்பவும் இயலாது. பின்னால் ஆள் வந்தால் கால்கள் இன்னும் இறுகும். ஒருமுறை ரயில் நிலையத்து டிக்கெட் கேட்டில் அப்படி அகப்பட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதன்பின் வெளியே போவதையே விட்டுவிட்டார்.

நோர்வேயில் வாழும் அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, ஒரு பனிக்காலத்தில் எங்களை வற்புறுத்தி அழைத்தார். காட்டுக்குள் மேடுபள்ளமில்லாத பாதையொன்றில் அப்பாவுக்குப் பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிவிட்டார். நிலத்தில் கால் ஒட்டிக்கொள்ளும் அப்பா, பனியில் வெட்டியிருந்த இரட்டைத் தடத்தில் வழுக்கிக்கொண்டு போனார். அம்மாவும் நானும் ஓரமாக நடந்தோம்.

மரங்களுக்கிடையே பாதை ஒடுங்கிய இடத்தில், பின்னாலிருந்து ஒரு கூட்டம் வேகமாகச் சறுக்கி வந்தது. சத்தம் கேட்டதும் அப்பாவின் கால்கள் இறுகிவிட்டன.

“தங்கச்சி, எனக்கு விலத்த ஏலாமக் கிடக்கு. ஆக்கள் நிக்கினம்.”

“நிக்கட்டும் அண்ணை. முன்னுக்குப் போறவர் விலத்தவேணுமெண்டு இஞ்ச கட்டாயமில்லை. பின்னால வாறவைதான் பாத்துப் போகவேணும்.”

மாமி கூட்டத்தின் முன்னால் வந்த பெண்ணிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் கையை உயர்த்தி மற்றவர்களை நிறுத்தினார். பிறகு ஒவ்வொருவராகத் தடத்தை விட்டிறங்கி, ஆழமான பனியில் கால் புதைய எங்களைச் சுற்றிப் போனார்கள். ஒருவரும் அப்பாவை உற்றுப் பார்க்கவில்லை. அப்பா அழுதார். வெகுநேரம் கழித்தே கால் அசைந்தது.

லண்டன் திரும்பியபின் மறுபடி கடைக்குப் போகத் தொடங்கினார். வாசலில் அகப்பட்டால், “எனக்குக் கால் வரவில்லை, சுற்றிப் போங்கள்” என்று ஆங்கிலத்தில் தாமே சொல்லிவிடுவார். சிலர் போனார்கள், சிலர் உச்சுக்கொட்டினார்கள். நோய் மட்டும் விடவில்லை. கடைசி வருடம் கட்டிலோடு கிடந்தார். பேச்சும் உள்ளே அகப்பட்டுக்கொண்டது. ஆமென்று சொல்ல ஒரு “ஓம்” வெளியே வர எவ்வளவோ நேரமாகும்.

அந்த “ஓம்” வரும்வரை அருகில் இருந்த தாதியருக்கும், அயலவருக்கும், மாமிக்கும், இறுதிவரை தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி உரியது.

அம்மா இப்போதும் யாரிடம் எதைக் கேட்டாலும், அந்த “ஓம்” வர எடுக்கும் நேரம் காத்திருக்கிறார்.