தாழ்ந்த மின்கம்பி

சம்பா அறுவடையின்போது, டிராக்டர் பெட்டியில் நெல்லைக் கொட்டுவதற்காக அறுவடை இயந்திரம் எங்கள் வயலின் ஓரத்துக்கு வந்தது. ஓட்டுநர் நெல் தொட்டியை மேலே தூக்கினார். புயலுக்குப் பிறகு அங்கே மின்கம்பி தொய்ந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள் கவனித்துவிட்டாள். முதலில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் கத்தினாள்.

“அண்ணே, மேல கம்பி! நிறுத்துங்க!”

கம்பிக்கு ஒரு முழம் கீழே தொட்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து வியர்வையைத் துடைத்தபடி சிரிக்க முயன்றார்.

“பாப்பா போட்ட சத்தத்துல எமனே ஓடிட்டான் சார்.”

என்னால் சிரிக்க முடியவில்லை. வீடு திரும்பும் வழியில், ஏன் என்னைப் பார்த்தாய் என்று மகளிடம் கேட்டேன்.

“போன வாரம் சொந்தக்காரங்க முன்னாடி திட்டுனீங்களேப்பா, பெரியவங்க இருக்கிற எடத்துல யோசிச்சுப் பேசுன்னு. அதான்.”

அதை அவளுடைய நல்லதுக்குத்தான் சொன்னேன். இப்போதும் அது தவறாகத் தோன்றவில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்த அந்தக் கணத்திலும் தொட்டி மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது.

“உசுருன்னு வந்துட்டா யார் மூஞ்சியையும் பாக்காதேம்மா. கத்திடு” என்றேன்.

தலையாட்டினாள். இன்னொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்த்துவிடுவாளோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.