காம்பையும் தண்ணீரில் தோய்த்த நாள்

பழுக்கக் காய்ச்சிய வாளின் அலகைத் தண்ணீரில் தோய்த்த அப்பா, கைப்பிடிக்குள் நுழையும் காம்பையும் ஏன் சேர்த்து முக்கினார்? பக்கத்தில் நின்ற எனக்கு அன்று விடை தெரியவில்லை.

மடத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு ரைன் ஆற்றங்கரைக்கு நான் திரும்பி வந்த மாதம் அது. அப்பா குன்ட்ராம் வாள் அலகு அடிப்பவர். அவருடைய இடது புருவம் நெருப்பில் கருகி, மறுபடி முளைக்கவே இல்லை. இரும்புக் கம்பிகளைக் காய்ச்சிக் கயிறு போல முறுக்குவார். நான்கை ஒன்றாக அடித்து இணைத்து, இரு ஓரமும் எஃகு வைப்பார். தேய்த்துக் காடி பூசினால் அலகின் நடுவே பாம்பு ஊர்வது போல வரி எழும். ஓர் அலகுக்கு ஒரு மாதம்.

அம்மாவின் தம்பி அடலோ மாமா அதற்குக் கைப்பிடி போடுபவர். கைக்குக் காவலான குறுக்குத் தடுப்பிலும் பிடியின் முனைக் குமிழிலும் மயிரளவு கோடுகள் வெட்டி, வெள்ளிக் கம்பியைத் தட்டிப் பதிப்பார். பத்தே நாள் வேலை. ஆனால் சந்தையில் எல்லோரும் மாமாவின் பெயரைத்தான் கேட்பார்கள். பார்லி மது குடிக்கையில் ஒருமுறை மாமா சொன்னார்: "அத்தான், உங்க இரும்பு உறைக்குள்ள தூங்குது. என் வெள்ளி ஊரெல்லாம் சுத்துது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து ரொட்டியைத் தொடவில்லை.

அடுத்து வந்தது கோமானின் மகனுக்கான வாள்; அப்பா காம்பையும் முக்கியது அதற்குத்தான். பிடி கழலாதபடி காம்பின் நுனியைக் குமிழுக்கு மேல் அடித்து மழுக்கும்போது வாங்குபவரின் ஆள் பக்கத்தில் நிற்பது எங்கள் வழக்கம். அலகை யாரும் மாற்றிவிடக் கூடாதே. அப்படி மழுங்கக் காம்பு மென்மையாக இருக்க வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் அது இறுகிவிடும்; அடி பட்டால் உடையும். மாமாவின் பெயரும் அதோடு போகும்.

கோமானின் காரியக்காரர் வந்து நின்றார். மாமா காம்பின் நுனியில் அரத்தை வைத்தார். இறுகிய இரும்பில் அது கடிக்காமல் வழுக்கிக் கிறீச்சிட்டது. மாமா தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

காம்பைக் கொஞ்சம் சூடாக்கி ஆற வைப்பது தன் வழக்கம் என்று மாமா காரியக்காரரிடம் கூசாமல் பொய் சொன்னார். சூடேறாதபடி அலகுக்கு ஈரத்துணி சுற்றி, காம்பை மட்டும் கனலில் வைத்து, மெல்ல ஆறி மறுபடி மென்மையாகும்படி சாம்பலில் புதைத்தார். மதியம் எடுத்து, துணியை அவிழ்த்து, அலகைத் துடைத்து அதன் மேல் ஊதினார்.

"ஐயா, ஆவி விலகும்போது பாருங்க. பாம்பு ஓடுது. இது எங்க அத்தான் கை."

காரியக்காரர் முதல் தடவையாக அப்பாவின் பெயரைக் கேட்டார். மாமா அடித்தபோது நுனியும் உடையாமல் மழுங்கியது.

அவர் போன பிறகு அப்பா மெல்லக் கேட்டார்: "ஏன்டா என்னைக் காட்டிக் கொடுக்கல?"

"பிடி போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அலகையும் தனியா ஊதி ஊதிப் பார்ப்பேன் அத்தான். எனக்கு மட்டும் வயிறு எரியாதா? ஆனா உங்க அலகுல ஒரு கீறல்கூடப் போட்டதில்ல."

அப்பாவின் பொறாமை அன்றோடு தீர்ந்தது என்று எழுத ஆசை. தீரவில்லை. முன்பு மாமாவின் வெள்ளியைப் பார்த்து வெந்தார். இப்போது அவர் மனசைப் பார்த்து வேகிறார். ஆனால் காம்பைத் தோய்ப்பது மட்டும் நின்றுவிட்டது.

வாள் வைத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வெள்ளியைப் பார்த்து முடித்ததும், உருவி அலகின் மேல் ஒருமுறை ஊதிப் பார்க்கட்டும்.