ஏரியைக் கீழே வரைந்தவர்

மாசிலாமணி சாரைப் பற்றி ஆசிரியர் அறையில் வம்பளந்துகொண்டிருந்தபோதுதான், அவர் போய்விட்டார் என்று அவர் மனைவி கமலா அக்காவிடமிருந்து போன் வந்தது. பாதியில் நின்ற வம்பை இங்கே முடித்துவிடுகிறேன். அவரும் அதைத்தான் விரும்புவார்.

அவரிடம் புவியியல் படித்தவர்களுக்கும், என்னைப்போல் அவர் காசில் டீ குடித்தவர்களுக்கும், சீனத் துறைமுக நகரங்களைப் பற்றி அவர் எழுதிவந்த புத்தகம் தெரியும். எந்த ஊரை வரைந்தாலும் தண்ணீரைத் தாளின் அடியில் போடுவார். வடக்கு எந்தப் பக்கம் போனாலும் கவலையில்லை. என் அடுகோடி வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகைக்கும் அப்படியே வழி வரைந்து கொடுத்தார். அல்சூர் ஏரி கீழே, அதற்குத் தெற்கே இருக்கும் என் வீடு மேலே. வேலூரிலிருந்து வேனில் வந்த மாமனார் வீட்டார், ஏரிவரை ஒழுங்காக வந்து, மேலே என்றால் வடக்கு என்று நம்பி, நகரின் வடகோடியில் இருக்கும் ஹெப்பாலுக்குப் போய்விட்டார்கள்.

“யோவ், சரக்கு தண்ணியிலதான்யா வருது. அங்கேருந்துதான் ஊரைப் பாக்கணும்.”

“எங்க மாமனார் வேன்ல வந்தாரு சார்!”

என் மனைவி சாரோடு வெகுநாள் பேசவில்லை. எனக்கென்னவோ, மாமனார் வீட்டார் வந்துசேராத அந்தக் கிரகப்பிரவேசக் காலை நிம்மதியாகத்தான் இருந்தது.

ஷாங்காய் அத்தியாயம்தான் அவரை வதைத்தது. மதிலுக்குள் பழைய ஊர். வெளிநாட்டு வணிகர்கள் வந்ததும் மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் முளைத்த புது ஊர். அதுவரை எழுதிவிட்டார். கன்டெய்னர் கப்பல்களுக்கு ஆழம் போதாமல் துறைமுகம் முகத்துவாரத்தை நோக்கி நகர்ந்தது, திருத்தினார். பிறகு கடலுக்குள் தீவுக்கே போனது. “நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள அது எழுந்து போயிடுதுய்யா” என்றார். ஒருமுறை நெஞ்சுவலியில் படுத்து எழுந்தவர். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பறந்தார். எதற்குள் என்று நான் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற பின் ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு மாணவர்கள் வருவது நின்றது. செருப்புகள் குவிந்து கிடந்த வாசலில் அக்கா பூந்தொட்டிகளை அடுக்கினார்.

“வாசல் நல்லாருக்கே சார்.”

“கப்பல் வராமப் போன கரையிலதான்யா பூங்கா வைப்பாங்க. ஷாங்காய்லயும் அதான்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன் வந்த அன்று அங்கே போனபோது, ஆட்கள் நிற்க இடமில்லாமல் தொட்டிகளைத் தெருவோரம் தள்ளியிருந்தார்கள். வாசலில் மறுபடியும் செருப்புக் குவியல். மேசையில் ஷாங்காய், முடியாமல்.

காரியம் முடிந்ததும் அக்கா ஒரு தொட்டியை என் கையில் கொடுத்தார். “கொண்டுபோய் வாசல்ல வைங்க தம்பி.”

மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன். என் வாசலுக்கு இன்னும் நாலு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள்.